அறுபத்து நான்கு அட்டைகள்

மரக்காணம் உப்பளத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆண்டு என்பது தையில் பிறந்து புரட்டாசியோடு முடிந்துவிடும். பொங்கல் கழிந்ததும் பாத்தியில் தேங்கிக் கிடக்கும் மழைத்தண்ணீரை வெளியேற்றி, சேற்றை மிதித்து மிதித்துத் தளம் இறுக்கி, உவர்நீர் பாய்ச்சுவார்கள். வெயில் ஏற ஏற உப்பு பூக்கும். சித்திரை, வைகாசியில் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே வேலை தொடங்கிவிடும். சூரியன் உச்சிக்கு வந்தபிறகு அந்த வெள்ளைப் பரப்பில் யாரும் கண்ணைத் திறந்து நிற்க முடியாது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் மூழ்கும். அதன்பிறகு பொங்கல் வரை கூலி கிடையாது. தீபாவளி சரியாக அந்த மூழ்கும் நேரத்தில்தான் வந்து நிற்கும்.

அந்தக் கடற்கரையில் தீபாவளி பண்டு வேரூன்றியதற்குக் காரணம் இதுதான். கூலி கையில் புரளும் மாதங்களில் முந்நூறு முந்நூறாகக் கட்டிவிட்டால், கூலி நின்ற மாதத்தில் மளிகை, பட்டாசு, இனிப்பு, ஒரு புடவை, ஒரு வெள்ளிக் காசு வீடு வந்து சேரும். பட்டணத்துக்காரர்களுக்கு இது இனிப்புப் பெட்டிக்கு ஆசைப்படுவதாகத் தெரியலாம். உண்மையில் பண்டு கட்டாதவர்கள் ஒப்பந்தக்காரரிடம் போய் முன்பணம் கேட்கவேண்டும். முன்பணம் அடுத்த பருவத்துக் கூலியில் பிடிக்கப்படும்; அது தீரும்வரை வேறு அளத்தில் இரண்டு ரூபாய் கூடக் கிடைத்தாலும் நகர முடியாது. ஐப்பசியில் வரும் ஐந்து கிலோ சர்க்கரையும் பத்து கிலோ அரிசியும் அந்தக் கையேந்தலைத் தள்ளிப்போடும் சாமான்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வழக்கைப் படித்தால் ‘ஏமாந்த பெண்கள்’ என்ற தலைப்புச் செய்திக்கு மேல் ஒன்றும் மிஞ்சாது.

என் கட்சிக்காரர் உப்பு வாருகிறவர். நாற்பதைத் தாண்டியவர். அவருடைய பெயரைவிட ‘பண்டு அக்கா’ என்றால்தான் ஊரில் தெரியும். பக்கத்து நகரத்தில் கடை வைத்திருந்த ஒருவர் நடத்திய தீபாவளி பண்டுக்கு அந்த அக்கா ஊரில் அட்டை போட்டு வசூல் செய்தவர். மொத்தம் 64 அட்டை. மாதம் 300 ரூபாய், 12 தவணை. இருபது அட்டைக்கு ஓர் அட்டை இலவசம் என்பது அவருடைய கமிஷன். அதற்கு மேல் ஓர் எவர்சில்வர் அண்டா. பதினோரு தவணை கட்டி முடித்திருந்தபோது கடை பூட்டிக் கிடந்தது. கைபேசி அணைந்திருந்தது. 64 அட்டைக்கு 11 தவணை என்றால் 2,11,200 ரூபாய். அந்த நகரைச் சுற்றி அந்த ஆளுக்கு இவரைப்போல் எத்தனையோ அக்காமார்கள் இருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

தீபாவளிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. அக்காவின் வீட்டு வாசலில் கூட்டம். கடை முதலாளியை அந்தப் பெண்களில் பாதிப் பேர் பார்த்ததே கிடையாது. அவர்கள் பணம் கொடுத்தது அக்கா கையில். அன்று இரவே ஐந்து பேருக்கு அக்கா புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். மற்றவர்கள் காவல் நிலையத்துக்குப் போனார்கள். புகாரில் முதல் எதிரி கடை முதலாளி, இரண்டாவது அவர் மனைவி, மூன்றாவது அக்கா. கோப்பு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போய், அங்கிருந்து அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ பிரிவின் கீழ் விசாரணைக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்த பிறகுதான் அவர் திண்டிவனத்தில் என் அலுவலகத்துக்கு வந்தார்.

“நான் பத்து பைசா எடுக்கலை சார். வாங்கினதை அன்னிக்கே கொண்டுபோய்க் குடுத்தேன். இப்ப என்னியத் திருடின்னு எழுதியிருக்காங்க.”

எடுக்கவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய மகளின் பள்ளிக்கூடக் கையெழுத்து. ஒவ்வொரு மாதமும் யார் யார் கட்டினார்கள், யார் பாக்கி, மொத்தம் எவ்வளவு என்று கோடு போட்டு எழுதியிருந்தது. ஒவ்வொரு மாதத்தின் கீழும் பணத்தை வாங்கிக்கொண்ட கடைக்காரரின் கையெழுத்து. சில மாதங்களில் கடை முத்திரையும் இருந்தது. என் தொழில் வாழ்க்கையில் பெரிய நிறுவனங்களின் பேரேடுகளைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான பேரேடு அபூர்வம்.

சட்டத்தில் இந்த வழக்கின் முதல் முடிச்சு, அந்த 2,11,200 ரூபாய்க்கு என்ன பெயர் வைப்பது என்பது. பெயர் மாறினால் நீதிமன்றம் மாறும், தண்டனை மாறும், பணம் திரும்பி வரும் வழியும் மாறும். அக்காவையும் அவரோடு வந்த இன்னும் இரண்டு பெண்களையும் உட்காரவைத்து, நீங்கள் வேறு எந்தெந்தப் பண்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது: குலுக்கல் சீட்டு, ஏலச் சீட்டு, மகளிர் குழு சந்தா, கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தண்டுவது, நெடுஞ்சாலையோரம் பலகை தொங்கும் ஒரு ‘நிதி லிமிடெட்’டில் தினம் ஐம்பது ரூபாய். ஒரு பெண்ணின் அக்காளை மீனவக் குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவர் சேமிப்பு நிவாரணத்துக்கு 1,500 ரூபாய் கட்டுகிறவர். எல்லாமே அவர்கள் வாயில் பண்டுதான்.

இவற்றைப் பிரிக்க நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான்: வாங்கின பணம் ராத்திரி எங்கே தங்குகிறது?

சீட்டில் அது எங்கும் தங்குவதில்லை. இருபது பேர் ஆளுக்கு ஆயிரம் போட்டால் அன்றே ஏலம். அதிகம் தள்ளிக் கேட்டவர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பிரிகிறது. சீட்டு நடத்துபவர் கைக்கு வருவது கமிஷன் மட்டும். 1982-ம் ஆண்டு மத்தியச் சீட்டுச் சட்டம் அதை 5 சதவீதம் என்று வைத்தது. 2019 திருத்தம் 7 ஆக்கியது. சீட்டைத் தொடங்கப் பதிவுத்துறையில் முன் அனுமதி வேண்டும், நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடு காட்ட வேண்டும், தகராறு வந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகாமல் பதிவாளரிடமே போக வேண்டும். சட்டம் எதற்கு விலக்குத் தந்தது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. மொத்தத் தொகை நூறு ரூபாயைத் தாண்டாத சீட்டுக்கு மட்டும் விலக்கு! அந்த நூறு, 2019-ல் மாநில அரசு தொகையை நிர்ணயிக்கலாம் என்று திருத்தும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தது. தெருவில் நடக்கும் சீட்டு ஒவ்வொன்றும் இத்தனை காலம் சட்டத்தின் கண்ணில் குற்றமாகவே நடந்து வந்திருக்கிறது. பெரும்பாலும் ஒழுங்காகவும் நடந்து வந்திருக்கிறது.

நிதி என்பது வேறு. அங்கே பணம் தங்கும், ஆனால் உறுப்பினருக்குள்ளேயே சுற்றவேண்டும். உறுப்பினரிடம் வாங்கி உறுப்பினருக்குக் கடன் கொடுக்கும் கம்பெனி அது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 406-ம் பிரிவும் 2014 நிதி விதிகளும் அதை ஆள்கின்றன. சீட்டு நடத்தக்கூடாது, வெளியாளிடம் வைப்பு வாங்கக்கூடாது, தன் சொந்த நிதியைப்போல் இருபது மடங்குக்கு மேல் வைப்பு வைத்திருக்கக்கூடாது. தமிழ்நாடு இதற்குத் தாய்வீடு. மயிலாப்பூர் இந்து நிரந்தர நிதி 1872-ல் தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டு கடந்த அந்த நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரையே 2024-ல் முதலீட்டாளர் புகாரில் கைது செய்தார்கள் என்றால், வயதை மட்டும் பார்த்துப் பணம் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

மீனவர் சேமிப்பு நிவாரணத்தில் பணம் அரசுக் கணக்கில் தங்குகிறது. மீனவர் கட்டும் 1,500-க்கு மாநிலமும் மத்திய அரசும் பங்கு சேர்த்து 4,500 ஆக்கி, மீன் குறைந்த மாதங்களில் திருப்பித் தருகின்றன. பரஸ்பர நிதி என்று தொலைக்காட்சியில் விளம்பரம் செய்கிறார்களே, அதில் பணத்தை முதலீடு செய்பவர் ஒருவர், பத்திரங்களைக் காவலில் வைத்திருப்பவர் வேறொருவர், இருவருக்கும் மேலே அறங்காவலர். லாபத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் வசூலித்தவர் பூட்டிக்கொண்டு ஓட முடியாத ஏற்பாடு. வேலைக்குப் போகிறவர்களின் வருங்கால வைப்பு நிதி இன்னொரு வகை. அதைப்பற்றி உப்பளத்துப் பெண்களிடம் விளக்கத் தேவையே வரவில்லை. அவர்கள் யாருக்கும் அது கிடையாது.

தீபாவளி பண்டில் பணம் பதினோரு மாதம் ஒரே ஆளின் கையில் தங்குகிறது. ஈடு இல்லை, பதிவு இல்லை, தணிக்கை இல்லை. சீட்டுக்கு இருக்கும் காவலும் நிதிக்கு இருக்கும் வரம்பும் இதற்குக் கிடையாது. வருடம் முழுவதும் வட்டியில்லாத மூலதனம், முடிவில் மொத்த விலையில் சாமான் வாங்கிச் சில்லறை விலையில் கணக்குக் காட்டும் லாபம். ஒழுங்காக நடத்துகிறவருக்கே இது நல்ல வியாபாரம். ரியல் எஸ்டேட் ஆசை வந்தவர் கையில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வழக்கில் அந்தப் பணம் மனைவி பெயரில் இரண்டு மனையாகவும் பாதி எழும்பிய ஒரு வீடாகவும் மாறியிருந்தது.

முதலாளி பிடிபட்டு ஜாமீன் கேட்டபோது அவருடைய வழக்கறிஞர் சாமர்த்தியமான ஒரு வாதத்தை வைத்தார். இது வைப்பே இல்லை, சாமான் வாங்க வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம். அட்டையிலேயே ‘பொருளாக மட்டுமே வழங்கப்படும், பணமாகத் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. விற்பனை ஒப்பந்தம் மீறப்பட்டிருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகட்டும் என்றார். இந்த வாதம் நின்றிருந்தால் அட்டைக்காரர்கள் தனித்தனியாக அட்டைக்கு 3,300 ரூபாய் என்று வழக்குப் போட வேண்டியிருக்கும். 3,300 ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவார்கள்?

தமிழ்நாட்டின் 1997-ம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், நாங்கள் டான்பிட் என்று சொல்வது, இந்த இடத்தில் கைகொடுத்தது. தொண்ணூறுகளில் சென்னையில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்த சூட்டில் எழுதிய சட்டம் அது. வைப்பு என்றால் என்ன என்பதற்கு அதில் உள்ள விளக்கம் விரிவானது: மொத்தமாகவோ தவணையாகவோ ஒரு காலக்கெடுவுக்குக் கொடுப்பது, திரும்ப வருவது வட்டியாக இருக்கலாம், வேறு எந்த வடிவிலும் இருக்கலாம், சேவையாகவும் இருக்கலாம். ‘எந்த வடிவிலும்’ என்ற இரண்டு சொல்லுக்குள் வெள்ளிக் காசும் மைசூர்பாகும் அடங்கிவிடும். நிதி நிறுவனம் என்ற விளக்கத்துக்குள்ளும் கம்பெனி மட்டுமின்றித் தனி மனிதரும் வருவார். இந்தச் சட்டத்தை இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை போய், கே.கே. பாஸ்கரன் வழக்கில் 2011 மார்ச்சில் தோற்றது. அரசு வழக்கறிஞர் இதையெல்லாம் எடுத்துச் சொன்னபோது சிறப்பு நீதிமன்றத்தில் நான் மூன்றாவது எதிரியின் பக்கம் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் கட்சிக்காரருக்கும் அந்த வாதம்தான் வேண்டும். இது வைப்பு என்று ஆனால்தான் அவரும் வைப்பாளர் ஆவார். அவருடைய சொந்தக் காசிலும் இரண்டு அட்டை கட்டியிருந்தார்.

ஆனால் அதே சட்டத்தின் 5-ம் பிரிவு அவர் கழுத்துக்கு மேல் தொங்கியது. தவறிய நிறுவனத்தின் நிர்வாகத்துக்குப் பொறுப்பான ஒவ்வொருவருக்கும் பத்தாண்டு வரை சிறை. கமிஷன் அட்டை வாங்கியிருக்கிறார், அண்டா வாங்கியிருக்கிறார், ஆள் சேர்த்திருக்கிறார், ஆகவே அவரும் பொறுப்பானவர் என்பது முதல் புகாரின் தொனி. விசாரணை அதிகாரி முன் நான் பேசியது குறைவு; நோட்டைத்தான் புரட்டிக் காட்டினேன். பணம் வாங்கிய தேதி, அதே தேதியில் முதலாளியின் கையெழுத்து. பணம் அக்காவிடம் ஓர் இரவுகூடத் தங்கவில்லை. சாமான் எங்கே வாங்குவது, அட்டை என்ன விலை, பணத்தை எங்கே வைப்பது என்பதில் அவருக்கு ஒரு சொல்லும் இல்லை. அதிகாரி அனுபவசாலி. அண்டா எத்தனை லிட்டர் என்று கேட்டார். அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அதிகாரி சிரித்துவிட்டார். இறுதி அறிக்கையில் அக்கா எதிரிகள் பட்டியலில் இல்லை. அரசுத் தரப்பு சாட்சியாக இருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அந்த ஐந்து புரோநோட்டு முடியவிடவில்லை.

மூன்று பேர் திண்டிவனம் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டார்கள். மூவருமே அவரோடு ஒரே பாத்தியில் உப்பு வாரியவர்கள். ஒருத்தி சம்பந்தி உறவு. 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம், புரோநோட்டு என்று ஒன்று இருந்தால் அதற்குப் பணம் கைமாறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது எழுதியவர் பாடு. எளிதான வழி, கூட்டம் கூடி மிரட்டி எழுதி வாங்கினார்கள் என்று பதிலுரையில் எழுதுவது. தேதி பொருந்தும், காவல் நிலையப் புகாரும் அடுத்த நாளைக்கு இருக்கிறது. அப்படித்தான் வரைவு தயார் செய்து படித்துக் காட்டினேன்.

“மிரட்டுனாங்கன்னு எழுதாதீங்க சார்.”

“ஏன்மா, மிரட்டலையா?”

“அதுங்க மிரட்டலை. அழுதுச்சுங்க. அதனாலதான் போட்டுக் குடுத்தேன்.”

அழுததால் கையெழுத்துப் போட்டேன் என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. வேறு வழியில் எழுதினேன்: எதிர்வாதி முகவர், முதலாளி யார் என்பது எல்லோருக்கும் தெரிந்தே பணம் கொடுக்கப்பட்டது, 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 230-ம் பிரிவின்படி அப்படிப்பட்ட முகவர் சொந்தப் பொறுப்பில் கட்டுப்பட மாட்டார், புரோநோட்டில் சொல்லப்பட்ட கடன் கொடுக்கப்படவே இல்லை. நீதிமன்றத்தில் நின்றிருக்கும் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அது தீர்ப்புவரை போகவில்லை. போகவிடாமல் செய்ததும் அந்த நாற்பது பக்க நோட்டுதான்.

டான்பிட்டில் சொத்தை முடக்கிய பிறகு மாவட்ட வருவாய் அலுவலர் தகுதியுள்ள அதிகாரியாக இருந்து, யாருக்கு எவ்வளவு என்று சரிபார்ப்பார். அதற்கு அட்டை வேண்டும். உப்பளத்துக் குடிசைகளில் மழைக்கு நனைந்து கூழான அட்டை பாதி. கோபத்தில் கிழித்துப் போட்டது கொஞ்சம். பதினோரு தவணை கட்டியதற்கு மிஞ்சிய ஒரே சாட்சி அக்காவின் நோட்டு. அது காவல்துறை கைப்பற்றிய பொருளாக நீதிமன்றத்தில் இருந்தது. சான்றிட்ட நகல் எடுக்க வேண்டும், அதில் உள்ள பெயர்கள் யார் யார் என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். சின்னப்பொண்ணு என்ற பெயரில் அந்த நோட்டில் நான்கு பேர். யார் எந்தச் சின்னப்பொண்ணு என்பது அக்காவுக்கும் அவர் மகளுக்கும் மட்டுமே தெரியும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் நண்பர். நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் வைத்து இதைச் சொன்னேன். உங்கள் கட்சிக்காரர்கள் என் கட்சிக்காரரைத் தோற்கடித்தால் ஓர் உப்பு வாருகிறவரிடமிருந்து எதை ஜப்தி செய்வீர்கள்? அந்த அண்டாவையா? அவர் சாட்சியாக வந்தால் மனை இரண்டும் ஏலத்துக்கு வரும்போது எல்லோருக்கும் பங்கு வரும். அடுத்த மக்கள் நீதிமன்ற அமர்வில் மூன்று வழக்கும் சமரசமாயின. புரோநோட்டுகள் திரும்பி வந்தன. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் வாதிகளுக்குத் திரும்பக் கிடைத்தது. அந்தப் பண்டு தொடர்பாக அவர்கள் கைக்கு முழுதாகத் திரும்பிய முதல் பணம் அதுவாகத்தான் இருக்கும்.

முடக்கிய சொத்து ஏலம் போய்ப் பணம் பிரிவது மெதுவான வேலை. அரசாணை, இடைக்கால முடக்கம், அதை உறுதி செய்வது, மனைவியின் ஆட்சேபணை, மதிப்பீடு என்று ஒவ்வொன்றுக்கும் வாய்தா. கணக்குப் போடுவதில் ஒரு கேள்வி வந்தது: வாக்களித்த சாமானின் விலையா, கட்டிய தவணையா? கட்டிய தவணை என்றே கோரிக்கைப் படிவங்களை நிரப்பினோம். வெள்ளிக் காசுக்கு அன்றைய விலை கேட்கலாமா என்று ஒரு பாட்டி விடாமல் கேட்டார். கேட்டதில் நியாயம் இருந்தது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. முதல் பங்காகக் கொஞ்சம் வந்திருக்கிறது. மீதி வழக்கோடு நடந்துகொண்டிருக்கிறது.

பண்டு உடைந்த அந்த ஐப்பசியில் அவர்களில் பலர் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கினார்கள். எந்தக் கோரிக்கைப் படிவத்திலும் ஏறாத நட்டம் அது. அடுத்த பருவம் முழுவதும் கூலியில் பிடித்தம். இப்போது அரசு மழை மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. முன்பணத்தின் அளவை அது குறைத்திருக்கிறது என்று அக்கா சொல்கிறார்.

2019-ல் மத்திய அரசும் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யச் சட்டம் கொண்டுவந்தது. உண்மையான வியாபார முன்பணத்தையும், வரம்புக்குள் நடக்கும் சுயஉதவிக் குழுச் சந்தாவையும் அது தொடாது. அதைப் படித்துவிட்டுத்தான் அவர்களுக்கு ஒரு யோசனை சொன்னேன். தபால் நிலையத் தொடர் வைப்பு ஐந்தாண்டு, தீபாவளிக்கு உதவாது. வங்கித் தொடர் வைப்பில் ஆளாளுக்குத் தனிக் கணக்கு வேண்டும், வங்கி திறக்கும் நேரத்தில் அவர்கள் பாத்தியில் இருப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் மகளிர் குழுவின் வங்கிக் கணக்கிலேயே தனித் தீர்மானம் போட்டு மாதம் முந்நூறு சேர்த்து, இரண்டு பேர் கையெழுத்தில் ஐப்பசியில் எடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக் காசு கிடைக்காது, வட்டி கொஞ்சம் கிடைக்கும் என்றேன்.

ஒத்துக்கொண்டார்கள். கணக்கு எழுத அக்காவையே வரச்சொல்லி அந்த மூன்று வாதிகளும் சேர்ந்து கேட்டார்களாம். அவர் மறுத்துவிட்டார். பணம் கட்டுகிறேன், கூட்டத்துக்கு வருகிறேன், நோட்டை மட்டும் தொடமாட்டேன் என்றிருக்கிறார். இப்போது அவருடைய மகள் எழுதுகிறாள். ஒவ்வொரு சின்னப்பொண்ணுக்கும் பக்கத்தில் புருஷன் பெயரும் போடுகிறாளாம்.